பாய்லரை மாற்றும் முன் வடிகாலைப் பாருங்கள்

கேள்வி: துணிகளுக்குச் சாயமேற்றும் ஆலை ஒன்றில் பராமரிப்புப் பொறியாளராக வேலை பார்க்கிறேன். மணிக்கு 4 டன் நீராவி தரும் நிலக்கரி பாய்லர் ஒன்றும், ஸ்டென்டர்களுக்காக (துணியை விரித்துச் சூடான காற்றில் உலர்த்தும் இயந்திரங்கள்) எண்ணெயைச் சூடாக்கி அனுப்பும் ஒரு தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டரும் இருக்கின்றன. எங்களிடம் துணி வாங்கும் நிறுவனங்கள் கார்பன் கணக்கு கேட்கத் தொடங்கிவிட்டன. மின்சார பாய்லர் விற்க வந்தவர், "99 சதவீதத் திறன், புகைபோக்கியே வேண்டாம்" என்கிறார். எங்கள் முதலாளியோ, "மின்சாரமே நிலக்கரியை எரித்துத்தானே வருகிறது? இங்கே எரிப்பதை அங்கே எரிக்கப் போகிறோம், அவ்வளவுதான். தவிர, தொழிற்சாலைக்கு வேண்டிய சூட்டையெல்லாம் மின்சாரத்தால் தர முடியாது" என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி? நான் முதலாளியிடம் என்ன சொல்லட்டும்?

பதில்: இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. விற்பனையாளர் சொல்லும் 99 சதவீதம் பொய் இல்லை. மின்சாரத்தை வெப்பமாக்கும்போது அநேகமாக எதுவும் வீணாவதில்லை. முதலாளியின் முதல் சந்தேகமும் நியாயமானது. அந்த பாய்லரைப் பொறுத்தவரை அவர் சொல்வதுதான் சரி என்பதைக் கீழே கணக்குப் போட்டே காட்டுகிறேன். ஆனால் இருவருமே ஒரு விஷயத்தைக் கேட்காமலே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்: உங்கள் ஆலைக்கு நீராவி வேண்டும் என்பதை.

உங்கள் ஆலைக்கு வேண்டியது என்ன என்று ஒவ்வொரு இயந்திரமாகப் போய்ப் பாருங்கள். பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் என்றால் 60 அல்லது 80 டிகிரித் தண்ணீர். சோப்புக் கழுவலுக்கு 90, 95. வெளுப்பதற்கு 98 வரை. பாலியஸ்டருக்கு மட்டும் அழுத்தத்தில் 130. ஸ்டென்டரில் 180, 200 டிகிரிக் காற்று. இதில் பெரும்பகுதி தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையைக்கூட எட்டுவதில்லை. அந்தத் தண்ணீரைச் சூடாக்கத்தான் ஆயிரம் டிகிரிக்கு மேல் நெருப்பு மூட்டி, 180 டிகிரி நீராவி செய்து, நீளமான குழாய்களில் அனுப்பி, கடைசியில் 60 டிகிரித் தொட்டியில் விடுகிறோம். நெருப்பு ஒன்றுதான் வழி என்று இருந்த காலத்தில் அமைந்த ஏற்பாடு இது. ஒரே இடத்தில் எரித்து எல்லா இயந்திரங்களுக்கும் பங்கிடுவது அன்றைக்குச் சரியான முடிவுதான். மின்சாரத்துக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

சரி, கணக்குக்கு வருவோம். 1,000 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குச் சுமார் 70 யூனிட் வெப்பம் வேண்டும். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. வெப்பத்தையும் அதே அளவில் எண்ணினால் ஒப்பிடுவது சுலபம்.

உங்கள் நிலக்கரி பாய்லரின் திறன் 75 சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறேன். பாய்லரை விட்டுக் கிளம்பிய நீராவி முழுவதும் தொட்டிக்கு வந்து சேர்வதில்லை. குழாய்ச் சுவர் வழியாகப் போவது, பழுதான ஸ்டீம் ட்ராப் (குழாயில் சேரும் தண்ணீரை மட்டும் வெளியேற்றும் வால்வு) வழியாக ஓடுவது, திரும்பி வராத கண்டென்சேட் (நீராவி குளிர்ந்து ஆன தண்ணீர்), ப்ளோடவுன் (பாய்லரில் சேரும் உப்பை நீக்க வடிக்கும் தண்ணீர்) என்று ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டால், எரிபொருளில் இருந்த வெப்பத்தில் 60 சதவீதம்தான் தண்ணீரில் சேரும். 70 யூனிட்டுக்கு 117 யூனிட் நிலக்கரி. நிலக்கரியில் ஒரு யூனிட் வெப்பத்துக்குச் சுமார் 0.34 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். ஆக மொத்தம் 40 கிலோ.

அதே இடத்தில் மின்சார பாய்லரை வைத்தால் பாய்லரின் இழப்பு ஒரு சதவீதம்தான். ஆனால் நீராவிக் குழாய்களும் ட்ராப்புகளும் அதேதான். எனவே 88 யூனிட் மின்சாரம் ஆகும். அந்த மின்சாரம் முழுக்க நிலக்கரியில் உற்பத்தியானால் யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வீதம் 88 கிலோ கார்பன் டை ஆக்சைடு. இப்போது வெளியாவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்! முதலாளி 'இங்கே எரிப்பதை அங்கே எரிப்போம்' என்றார் இல்லையா, உண்மையில் அங்கே இன்னும் அதிகமாக எரிக்க நேரிடும். நீங்கள் வாங்கும் மின்சாரம் யூனிட்டுக்கு 0.45 கிலோவுக்கும் கீழே போனால்தான் அந்த பாய்லர் நிலக்கரியை முந்தும். அணு, நீர், காற்று, சூரிய மின்சாரம் மிகுந்த நாடுகளில் இது இன்றே நடக்கிறது. நிலக்கரி மிகுந்த நாடுகளில் நடக்காது.

இப்போது மூன்றாவது வழி: ஹீட் பம்ப். பள்ளத்தில் கிடக்கும் தண்ணீரை மோட்டார் மேட்டுக்கு ஏற்றுவதைப் போல, தாழ்ந்த வெப்பநிலையில் கிடக்கும் வெப்பத்தை இது உயர்ந்த வெப்பநிலைக்கு ஏற்றித் தருகிறது. மோட்டார் தண்ணீரை உண்டாக்குவதில்லை, ஏற்றுவதற்கு மட்டுமே மின்சாரம் செலவாகிறது. இங்கேயும் அப்படித்தான். ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால், ஏற்கெனவே கிடந்த இரண்டு யூனிட் வெப்பத்தையும் சேர்த்து மூன்று யூனிட்டாகத் தொட்டிக்குத் தரும். இந்த மடங்கைத்தான் சிஓபி என்கிறோம். சிஓபி 3 என்றால் 70 யூனிட் வெப்பத்துக்கு 23 யூனிட் மின்சாரம் போதும். அத்தனை மின்சாரமும் நிலக்கரியிலிருந்து வந்தாலும் 23 கிலோதான். இன்றைய 40 கிலோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மின்கட்டமைப்பில் சூரிய மின்சாரமும் காற்றாலை மின்சாரமும் கூடக் கூட, நீங்கள் ஒன்றும் செய்யாமலே இந்த 23 குறைந்துகொண்டே வரும். நிலக்கரி பாய்லரின் 40 கிலோவோ அது துருப்பிடிக்கும் நாள் வரை பெரிதாகக் குறையாது.

முதலாளியிடம் நீங்கள் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். 'மின்சாரமா, நிலக்கரியா' என்பதைவிட, மின்சாரத்தால் வெப்பத்தை உண்டாக்குகிறோமா, இருக்கிற வெப்பத்தை ஏற்றுகிறோமா என்பதுதான் பெரிய கேள்வி.

ஏற்றுவதற்கு வெப்பம் எங்கே கிடக்கிறது? உங்கள் வடிகாலில். சாயத் தொட்டிகளிலிருந்தும் கழுவும் இயந்திரங்களிலிருந்தும் 60, 70, சில நேரம் 90 டிகிரித் தண்ணீர் தரையோடு ஓடிப்போகிறது. காசு கொடுத்து வாங்கிய நிலக்கரியின் வெப்பம் அது. அதோடு நிற்பதில்லை, கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் 40 டிகிரிக்கு மேல் சோர்ந்துவிடும் என்பதால் அந்தத் தண்ணீரைக் குளிர வைக்கவும் செலவு செய்கிறோம். ஒரு பக்கம் சூடாக்கக் காசு, மறுபக்கம் அதையே ஆற்றக் காசு. இந்தத் தொழிலில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான்.

ஹீட் பம்ப்புக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: ஹீட் எக்ஸ்சேஞ்சர். 60 டிகிரிக் கழிவுநீரும் 30 டிகிரிப் புதுத் தண்ணீரும் ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிராக ஓடினால், புதுத் தண்ணீர் 50 டிகிரிக்கு வந்துவிடும். இரண்டு சிறிய பம்ப்புகள் தவிர இதற்கு மின்சாரமே வேண்டாம். 70 யூனிட் தேவை 47 யூனிட்டாகச் சுருங்கிவிடும். இதை நிலக்கரி பாய்லரை வைத்துக்கொண்டும் செய்யலாம் என்று முதலாளி சொல்வார். சொல்லட்டும், செய்யட்டும். இதை முதலில் செய்தால் அடுத்து வாங்கும் எந்த இயந்திரமும் சிறிதாகிவிடும். தேவையைக் குறைக்காமல் வாங்கும் ஹீட் பம்ப் தேவைக்கு மேல் பெரிதாக இருக்கும். போட்ட பணமும் திரும்பாது.

இங்கே சற்று நிற்க வேண்டும். காகிதத்தில் அழகாக இருக்கும் வெப்ப மீட்புத் திட்டங்கள் சாய ஆலைகளில் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முதல் எதிரி பஞ்சு. கழிவுநீரில் இழைத் துகள்கள் மிதந்து வருகின்றன. சாதாரண பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் தகடுகளுக்கு நடுவே சில மில்லிமீட்டர்தான் இடைவெளி. அங்கே இழைகள் சிக்கி, சாயமும் உப்பும் சேர்ந்து பசை மாதிரி படிந்துவிடும். கொஞ்ச நாளில் வெப்பம் கடப்பது குறையும், அப்புறம் தண்ணீரே கடக்காது. ஆபரேட்டர் பைபாஸ் வால்வைத் திறந்துவிடுவார். அந்த வால்வு அதன் பிறகு மூடப்படுவதே இல்லை. எனவே தானாகச் சுத்தம் செய்துகொள்ளும் சுழல் சல்லடை ஒன்று முன்னால் கட்டாயம் வேண்டும். தகட்டு இடைவெளி அகலமான வகையையோ, குழாய்களைத் திறந்து தேய்க்கக்கூடிய வகையையோதான் கேளுங்கள். எக்ஸ்சேஞ்சருக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரு பிரஷர் கேஜ் மாட்டி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஷிஃப்ட்டுக்கு ஒரு முறை எழுதச் சொல்லுங்கள். அடைப்பு வருவதை அந்த எண்தான் முன்கூட்டியே சொல்லும்.

இரண்டாவது, கலப்பு. சூடான கழிவும் குளிர்ந்த அலசல் தண்ணீரும் ஒரே சாக்கடையில் விழுந்தால், கடைசியில் கிடைப்பது 40 டிகிரித் தண்ணீர். வெப்பத்தின் மொத்த அளவு மாறவில்லை, ஆனால் அதன் தரம் போய்விட்டது. ஹீட் எக்ஸ்சேஞ்சரில் 40 டிகிரித் தண்ணீரை வைத்து எதையும் 50 டிகிரிக்குச் சூடாக்க முடியாது. ஒவ்வொரு இயந்திரத்தின் வடிகாலிலும் இரண்டு வால்வு வைத்து, ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கு மேல் உள்ளதைத் தனிக் குழாயில் பிரிக்க வேண்டும். குழாய் வேலைதான், கொஞ்சம் தரையை உடைக்க வேண்டியிருக்கும். ஆனால் முழுத் திட்டமும் இதன் மேல்தான் நிற்கிறது.

மூன்றாவது, நேரம். சாயமேற்றுவது தொட்டி தொட்டியாக நடக்கும் வேலை. ஒரு இயந்திரம் வடிக்கும்போது இன்னொன்று நிரப்பிக்கொண்டிருக்கும் என்று நம்ப முடியாது. இரண்டு பக்கமும் காப்பிட்ட தொட்டிகள் வேண்டும்.

இனி ஹீட் பம்ப். இதை நேற்று வந்த புதுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். வெப்பத்தைப் பெருக்கித் தரும் இயந்திரம் சாத்தியம் என்று இயற்பியலாளர் கெல்வின் 1852-லேயே எழுதினார். அதே பத்தாண்டில் ஆஸ்திரியாவின் எபென்ஸே உப்பு ஆலையில் பீட்டர் ரிட்டிங்கர் என்ற பொறியாளர், உப்புநீரிலிருந்து எழுந்த ஆவியை அழுத்தி, அதன் வெப்பநிலையை உயர்த்தி, அதே உப்புநீரைக் காய்ச்சத் திருப்பி அனுப்பிப் பார்த்தார். அந்த முறைதான் இன்று எம்விஆர் என்ற பெயரில் பால், காகிதம், உப்பு, ரசாயன ஆலைகளில் ஓடுகிறது. உங்கள் ஆலையில் கழிவுநீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டர் இருந்தால் அதுவும் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். ஒரு டன் தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 630 யூனிட் வெப்பம் வேண்டும். பல கட்ட எவாப்பரேட்டர் அதை மூன்றில், நான்கில் ஒரு பங்காகக் குறைக்கும். எம்விஆர் அதே வேலையைச் சில பத்து யூனிட் மின்சாரத்தில் முடித்துவிடும்.

விற்பனையாளர் சிஓபி 4, 5 என்று சொன்னால் உடனே கேட்க வேண்டியது: எத்தனை டிகிரியிலிருந்து எத்தனை டிகிரிக்கு? அது இல்லாத சிஓபிக்கு அர்த்தமே இல்லை. இயற்கை விதிக்கும் உச்ச வரம்பை நீங்களே கணக்கிடலாம். இரண்டு வெப்பநிலையையும் கெல்வினில் (டிகிரியோடு 273-ஐக் கூட்டி) எழுதி, மேல் வெப்பநிலையை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். 30 டிகிரியிலிருந்து 85 டிகிரிக்கு ஏற்றினால் 358-ஐ 55-ஆல் வகுக்க வேண்டும், 6.5 வரும். நல்ல இயந்திரம் அதில் ஏறத்தாழ பாதியை எட்டும், அதாவது 3-க்குச் சற்று மேலே. அதே 30 டிகிரியிலிருந்து 150 டிகிரி நீராவி செய்யச் சொன்னால் வரம்பே 3.5-தான், கையில் கிடைப்பது 1.75 அளவில். இயந்திரம் வேலை செய்யும், ஆனால் ஆதாயம் கரைந்துவிடும். 120, 150 டிகிரி வரை தரும் ஹீட் பம்ப்புகள் இன்று விற்பனைக்கு உண்டு. அவற்றுக்கு 70, 80 டிகிரி வெப்பம் ஊற்றாகக் கிடைத்தால்தான் வாங்க வேண்டும்.

வடிகால் மட்டும் ஊற்றாகப் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்சேஞ்சரைக் கடந்து வரும் கழிவுநீரில் மிச்சம் இருப்பது 40 டிகிரிதான். அதை 20 டிகிரி வரை குளிர வைத்தாலும், மீதமுள்ள 47 யூனிட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கைத்தான் ஹீட் பம்ப்பால் தர முடியும். மற்றதற்கு ஆலைக்குள்ளேயே வேறு ஊற்றுகள் தேடுங்கள். ஏர் கம்ப்ரசர் வாங்கும் மின்சாரம் அநேகமாக முழுவதும் வெப்பமாகத்தான் போகிறது. எண்ணெயில் குளிரும் ஸ்க்ரூ கம்ப்ரசர் என்றால் அந்த எண்ணெயிலிருந்து 60, 70 டிகிரித் தண்ணீர் எடுக்கலாம். ஸ்டென்டரின் புகைபோக்கியில் கை வைக்க முடியாத சூட்டில் காற்று போய்க்கொண்டிருக்கிறது. அது இன்னும் பெரிய ஊற்று.

ஹீட் பம்ப்புக்குள் ஓடும் வாயு என்ன என்றும் கேளுங்கள். ஆர்-134ஏ போன்ற வாயுக்கள் கசிந்தால் ஒரு கிலோ, ஆயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். 2016-இல் ருவாண்டாவின் கிகாலியில் எட்டிய உடன்பாட்டின்படி உலகமே இந்த வாயுக்களைப் படிப்படியாகக் குறைத்துவருகிறது. அம்மோனியா, கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரோகார்பன் வகைகளில் இந்தத் தொல்லை இல்லை. அம்மோனியாவுக்கு நச்சுத்தன்மை உண்டு, ஹைட்ரோகார்பன் தீப்பிடிக்கும். எனவே இடம், காற்றோட்டம், கசிவு உணரிகள் எல்லாம் முறையாக வேண்டும். வாங்கியபின் யோசிக்கிற விஷயம் இல்லை இது.

130 டிகிரி பாலியஸ்டர் சாயத்துக்கு என்ன செய்வது? 85, 90 டிகிரி வரை ஹீட் பம்ப் தண்ணீரால் போய்விடுங்கள். கடைசி 40 டிகிரிக்கு மட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சிறிய மின்சார நீராவி ஜெனரேட்டர் போதும். விற்பனையாளர் கொண்டுவந்த பொருளுக்கு உங்கள் ஆலையில் உண்மையான இடம் இதுதான்.

ஸ்டென்டர் வேறு கதை. அங்கே 200 டிகிரி வேண்டும். இன்று விற்பனையில் உள்ள ஹீட் பம்ப்புகளில் பெரும்பாலானவை அதை எட்டாது. ஆனால் ஸ்டென்டரில் செலவாகும் வெப்பத்தில் பெரும்பங்கு இரண்டு வேலைக்குத்தான் போகிறது: துணியில் இருக்கும் தண்ணீரை ஆவியாக்க, புகைபோக்கி வழியாக இழுத்துத் தள்ளும் காற்றைச் சூடாக்க. முன்னதற்கு, துணியை இன்னும் நன்றாகப் பிழியுங்கள், அல்லது வேக்குவம் ஸ்லாட்டில் உறிஞ்சுங்கள். பிழிந்து நீக்குகிற ஒவ்வொரு கிலோ தண்ணீரும் ஆவியாக்கி நீக்குவதைவிட மிகக் குறைந்த சக்தியில் போய்விடும். பின்னதற்கு, புகைபோக்கிக் காற்றின் ஈரப்பதத்தை அளந்து ஃபேன் வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். பல ஆலைகளில் அந்த ஃபேன் எந்நேரமும் முழு வேகத்தில் ஓடி, காய்ந்த சூடான காற்றையே வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். இரண்டையும் முடித்தபின் மிஞ்சும் தேவைக்கு, தெர்மிக் ஆயிலை விட்டுவிட்டு ஸ்டென்டர் அறைகளிலேயே மின்சார ஹீட்டர் பொருத்தலாம், முன்னால் அகச்சிவப்பு உலர்த்தி வைக்கலாம். ஆனால் இது ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் என்ற கணக்கு. உங்கள் மின்சாரம் தூய்மையாகும் வரை இதைக் கடைசியில் வையுங்கள். அவசரம் வேண்டாம்.

'வேண்டிய சூட்டையெல்லாம் மின்சாரத்தால் தர முடியாது' என்ற முதலாளியின் இரண்டாவது வாதத்தில்தான் அவரோடு நான் முற்றிலும் மாறுபடுகிறேன். நெருப்பு எட்ட முடியாத சூட்டையும் மின்சாரம் எட்டும். 1900 வாக்கில் பிரான்சில் பால் எரூ மின்வில் உலையில் எஃகு உருக்கிக் காட்டினார். இன்று உலக எஃகில் கால் பங்குக்கும் மேல் 1,600 டிகிரியை எட்டும் அத்தகைய உலைகளில்தான் உருவாகிறது. ஜெர்மனியின் லூட்விக்ஸ்ஹாஃபனில் பிஏஎஸ்எஃப், சாபிக், லிண்டே ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து, கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் நாப்தாவை 850 டிகிரியில் பிளக்கும் உலையை 2024-இல் மின்சாரத்தில் ஓட்டத் தொடங்கின. சூடு ஒரு தடையே இல்லை. தடை வேறு இடத்தில் இருக்கிறது. சிமெண்டில் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடில் பாதிக்கும் மேல் எரிபொருளிலிருந்து வருவதில்லை. சுண்ணாம்புக்கல்லே சூட்டில் பிரிந்து விடுவது அது. சூளையை மின்சாரத்துக்கு மாற்றினாலும் அந்தப் பங்கு அப்படியே இருக்கும். இரும்புத் தாதுவை உருக்கும் ஊதுலையில் கரி, சூடு தருவதோடு தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் வேலையையும் செய்கிறது. இப்படிப்பட்ட சிக்கல் எதுவும் உங்கள் தொழிலில் கிடையாது. நீங்கள் எரிப்பது வெறும் வெப்பத்துக்காக மட்டும், அதிலும் பெரும்பாலும் 100 டிகிரிக்குக் கீழே. உலகம் பயன்படுத்தும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தொழிற்சாலை வெப்பத்துக்குப் போகிறது. அதில் மாற்றுவதற்கு மிகச் சுலபமான வரிசையில் உங்கள் ஆலை நிற்கிறது.

காசு விஷயத்தை ஒளிக்கக் கூடாது. நிலக்கரி மலிவு. ஒரு யூனிட் மின்சாரத்தின் விலையை, நிலக்கரியில் ஒரு யூனிட் வெப்பத்துக்கு ஆகும் விலையால் வகுத்துப் பாருங்கள். மேலே போட்ட கணக்கின்படி, அந்த விகிதம் 5-க்குக் கீழே இருந்தால் ஹீட் பம்ப் ஓட்டுச் செலவில் ஜெயிக்கும். மின்சார பாய்லருக்கு இதே விகிதம் 1.3-க்குக் கீழே இருக்க வேண்டும். அப்படிப்பட்ட விலையில் மின்சாரம் கிடைப்பது அபூர்வம். விகிதம் 5-ஐத் தாண்டினால் ஹீட் எக்ஸ்சேஞ்சர், பிழிதல், ஃபேன் கட்டுப்பாடு ஆகியவற்றோடு இப்போதைக்கு நிறுத்திக்கொண்டு, ஹீட் பம்ப்புக்கான இடத்தையும் குழாய் இணைப்புகளையும் மட்டும் விட்டுவையுங்கள். நிலக்கரிக்கு ஆகும் மறைமுகச் செலவுகளையும் கணக்கில் சேர்க்க மறக்க வேண்டாம்: சாம்பல் அள்ளுவது, புகை வடிகட்டி, பாய்லர் ஆட்கள், கிடங்கு.

மின் இணைப்பையும் இப்போதே பாருங்கள். 4 டன் பாய்லரை அப்படியே மின்சாரத்தில் வைத்தால் சுமார் 2,500 கிலோவாட் கூடுதல் சுமை. டிரான்ஸ்பார்மர், கேபிள், ஒப்பந்தச் சுமை, டிமாண்ட் கட்டணம் எல்லாம் மாறும். அனுமதி வாங்கவே மாதக்கணக்கில் ஆகலாம். தேவையைக் குறைத்து ஹீட் பம்ப் வைத்தால் இதில் ஒரு சிறு பகுதி போதும். அதோடு, நன்றாகக் காப்பிட்ட 50,000 லிட்டர் வெந்நீர்த் தொட்டி ஒன்று, 90 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு இறங்கும்போது சுமார் 2,300 யூனிட் வெப்பம் தரும். மின்சாரம் மலிவாகவும் சூரிய மின்சாரம் மிகுதியாகவும் இருக்கும் நேரத்தில் ஹீட் பம்ப்பை ஓட்டி அதை நிரப்பிக்கொள்ளலாம். உச்ச நேரத்தில் நிறுத்திவிடலாம். சுமையும் ஒரே சீராக இருக்கும்.

நாளைக்கே தொடங்க வேண்டிய வேலை எதுவும் வாங்குவதில் இல்லை, அளப்பதில்தான் இருக்கிறது. துணி எதுவும் ஓடாத ஒரு நாளில், எல்லா இயந்திரங்களின் நீராவி வால்வுகளையும் மூடிவிட்டு, மெயின் குழாய்கள் மட்டும் அழுத்தத்தில் இருக்கும்படி பாய்லரை நான்கு மணி நேரம் ஓட்டுங்கள். எவ்வளவு நிலக்கரி போயிற்று என்று எடை போடுங்கள். யாருக்கும் பயன்படாமல் உங்கள் நீராவி அமைப்பு தனக்காகவே தின்னும் அளவு அது. முதலாளியையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். என் பேச்சைவிட அந்த எடை அவரிடம் நன்றாக வேலை செய்யும். அப்புறம் ஒவ்வொரு வடிகாலிலும், ஒவ்வொரு தொட்டியிலும் வெப்பநிலையைப் பதிவு செய்யும் சிறு கருவிகளை மாட்டி, குறைந்தது நான்கு வாரம் விடுங்கள். எந்த இயந்திரத்துக்கு எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம், எவ்வளவு தண்ணீர் என்று ஒரு தாளில் வரும். அந்தத் தாள் இல்லாமல் எந்த விற்பனையாளரோடும் பேச வேண்டாம். விற்க வருபவர் யாராக இருந்தாலும், அந்தத் தாளைப் பார்த்ததும் 'உங்களுக்கு எத்தனை டன் வேண்டும்' என்று கேட்பதை விட்டுவிட்டு வெப்பநிலையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்டர் கொடுக்கும்போது சிஓபியை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். உங்கள் தாளில் உள்ள வெப்பநிலைகளில், பாதிச் சுமையிலும் முழுச் சுமையிலும், உங்கள் ஆலையிலேயே அளந்து காட்ட வேண்டும் என்று. பழைய பாய்லரை உடனே விற்க வேண்டாம். முதல் ஒரு வருடம் அது மாற்று ஏற்பாடாக நிற்கட்டும். மின்சாரம் போனாலோ ஹீட் பம்ப் பழுதானாலோ உற்பத்தி நிற்காது என்று தெரிந்தால்தான் உங்கள் ஆபரேட்டர்கள் புது ஏற்பாட்டை நம்பி ஓட்டுவார்கள். வாங்கும் நிறுவனங்களுக்குக் கணக்கு அனுப்பும்போது, நிலக்கரி குறைந்ததை மட்டும் காட்டாமல், கூடிய மின்சாரத்தின் கார்பனையும் சேர்த்தே எழுதுங்கள். இரண்டையும் கூட்டிய பிறகும் குறைவாக இருந்தால்தான் அது குறைவு.